போடாத கையெழுத்துக்குச் சாட்சி

அத்தியாயம் 17

போன வாரம் உமா மகேஸ்வரியை அடுப்படியில் நிற்கவைத்துவிட்டு வந்தேன். ஒரு கையில் தோசைக் கரண்டி, மறு கையில் போன். போனில் வந்த சேதி என்னவென்று கேட்டு எத்தனை பேர் கடிதம் போட்டிருக்கிறீர்கள்! உயிர் போகிற சேதியெல்லாம் இல்லை. கடல் சரியில்லை, ஹட் பே தீவிலிருந்து வரவேண்டிய போட் கேன்சல். அந்த போட்டில்தான் அகிலா வரவேண்டும். பதினொரு மணி நாடகத்தில் மனைவி வேஷம் அகிலாவுக்கு.

"தோசை கருகுது," என்றான் பாலகுமார்.

"கருகட்டும்."

"எனக்கு ஊத்தினது."

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். உமாவுக்கு வயது நாற்பத்து நாலு. அந்தமானில், போர்ட் பிளேயரில் தமிழ் மீடியம் பள்ளிக்கூட டீச்சர். இந்த வயதில் மெயின்லாண்டு கல்லூரி ஒன்றில் அஞ்சல் வழியில் பயன்பாட்டு அரங்கியல் படிக்கிறாள். சினிமாவில் சேருகிற படிப்பில்லை. ஊர்ப் பிரச்சினையை ஊர்க்காரர்களை வைத்தே நாடகமாகப் போட்டு, அதற்கு வழியையும் அவர்களையே தேடவைக்கிற படிப்பு. அவள் புருஷன் பாலகுமார் ஷிப்பிங் ஆபீஸில் டிக்கெட் கவுண்டர். "ஊர்ல படிச்சு டாக்டர் ஆவாங்க, எங்க வீட்டுல படிச்சு கூத்தாடி ஆகறாங்க," என்று கப்பல் டிக்கெட் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிற ஆள்.

பாலகுமாரின் அக்கா மரகதம் ஊருக்கு வெளியே புரோத்ராபூரில் அப்பா வாங்கிப்போட்ட தோட்டத்தில் தனியாக இருக்கிறாள். கட்சால் தீவில் ரப்பர் வேலை பார்த்த புருஷனைச் சுனாமிக்குக் கொடுத்துவிட்டு, முப்பத்திரண்டு வயதில் ஒரு பையோடு திரும்பி வந்தவள். இருபத்தொரு வருஷமாக வெண்டையும் கீரையும் போட்டு, தானே பஸ்ஸில் கொண்டுவந்து விற்கிறாள். தோட்டம் அக்கா தம்பி இருவர் பேரிலும் இருக்கிறது. அதை விற்று மதுரைப் பக்கம் வீடு வாங்குவது என்று பாலகுமார் முடிவு கட்டியிருக்கிறான். ரிட்டயர் ஆனபிறகு எல்லோரும் அங்கே போவதாக ஏற்பாடு. மரகதத்துக்கும் அந்த வீட்டில் ஒரு ரூம் உண்டு. ஃபேன் உண்டு, ஜன்னல் உண்டு. சம்மதப் பத்திரத்தில் அவள் கையெழுத்துதான் பாக்கி.

கையெழுத்துக்காகத்தான் பாலகுமார் அவளை இந்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருந்தான். முதல் பஸ்ஸில் கீரைக்கட்டோடு வந்து இறங்கியவள், அடுப்படி வாசலில் நின்று உமாவைப் பார்த்தாள்.

"என்னம்மா, முகமே சரியில்ல?"

"என் படிப்பு கடல்ல போச்சு மதினி," என்றாள் உமா.

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. போட் மேல் ஆத்திரம், கடல் மேல் ஆத்திரம், நேற்றே வந்து சேராத அகிலா மேல் ஆத்திரம். இன்றைக்குத்தான் செய்முறைத் தேர்வு. மெயின்லாண்டிலிருந்து தேர்வாளர் பொன்னுத்துரை சார் நேற்றே வந்து லாட்ஜில் தங்கியிருக்கிறார். மத்தியானம் மூன்று மணி ஃப்ளைட்டில் திரும்புகிறார். இன்றைக்கு விட்டால் அடுத்த வருஷம்தான்.

அதுவும் என்ன தேர்வு! நாடகம் தோல்வியில் முடியவேண்டும். புருஷன் வீட்டை விற்கிறான். பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆண்கள் பேசி முடிக்கிறார்கள். அவள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறாள். அத்தோடு முடிந்தது. பிறகு உமா ஜனங்களைப் பார்த்து, "இந்த அம்மா எந்த இடத்துல வேற மாதிரி செஞ்சிருக்கலாம்?" என்று கேட்பாள். நாடகம் மறுபடி முதலிலிருந்து நடக்கும். பார்க்கிறவர்களில் யாராவது "நிறுத்து!" என்று கத்தி, மேடைக்கு வந்து, அந்த மனைவியின் இடத்தில் தான் நின்று நடித்துக் காட்டவேண்டும். மூன்று பேராவது அப்படி எழுந்து வந்தால்தான் பாஸ்.

மின்னி பே சமூகக்கூடத்தில் மூன்று தடவை ஒத்திகை பார்த்தாகிவிட்டது. முதல் தடவை எல்லோரும் நன்றாகக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இரண்டாம் தடவை ஒரு பெரியவர் எழுந்தார். உமாவுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அவர் வந்து மைக்கை வாங்கி எல்லோருக்கும் நன்றி சொன்னார். மூன்றாம் தடவை தண்ணீர் விடுகிற நாளாகப் போய்விட்டது, ஒரு ஈ காக்கை வரவில்லை.

"மதினி, நீங்க வாங்களேன்," என்றாள் உமா திடீரென்று.

"எங்க?"

"நாடகத்துக்கு. நீங்கதான் ரெண்டு ஒத்திகைக்கு வந்து உக்காந்து பாத்தீங்களே."

"அடி போடி! எனக்கு நடிக்க வருமா?"

"நடிக்கவே வேணாம். டீ கொண்டு வாங்க. சொல்ற இடத்துல கையெழுத்துப் போடுங்க. வாயே திறக்காட்டியும் பரவாயில்ல."

பாலகுமார் ஃப்ரிட்ஜ் மேலிருந்து பத்திரத்தை எடுத்து அக்காவிடம் நீட்டினான். "அக்கா, அப்படியே இதுலயும் ஒண்ணு போட்டுட்டா ஜோலி முடிஞ்சுது."

"கண்ணாடி பையில இருக்குப்பா. படிச்சுட்டுப் போடறேன்."

"அதுல படிக்க என்ன இருக்கு? நம்ம விஷயந்தானே."

"நம்ம விஷயந்தானேன்னுதான் படிக்கணும்கிறேன்," என்று சொல்லிவிட்டு மரகதம் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். உமா அதைக் கவனிக்கவே இல்லை. அவள் மனசெல்லாம் டீ கிளாஸும் மடக்கு மேஜையும்தான்.

*

சமூகக்கூடத்தில் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். முன்வரிசையில் பொன்னுத்துரை சார், மடியில் மதிப்பெண் தாள். கடைசியில் கதவோரம் பாலகுமார், கையில் ஸ்கூட்டர் சாவி. நாடகம் முடிந்ததும் அக்காவிடம் தாளை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்ற கணக்கு அவனுக்கு.

புருஷன் வேஷம் ஜாஹிருக்கு. பஜாரில் செருப்புக் கடை வைத்திருக்கிறவர், குரல் கணீரென்று இருக்கும். முதல் பத்து நிமிஷம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. மரகதம் டீ கொண்டுவந்தாள். டீ கொஞ்சம் தட்டில் சிந்தியது. அது நடிப்பு என்று நினைத்துச் சிலர் உச்சுக்கொட்டினார்கள். உமாவுக்கு அப்பாடா என்று இருந்தது.

"இந்தா, இங்க ஒரு சைன் போடு," என்றார் ஜாஹிர், மேஜையில் கிடந்த வெற்றுத்தாளைக் காட்டி.

மரகதம் அந்தத் தாளைத் தொடவில்லை. இடுப்பில் செருகியிருந்த வேறொரு தாளை எடுத்துப் பிரித்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். படிக்க ஆரம்பித்தாள். அரை நிமிஷம் ஆயிற்று, ஒரு நிமிஷம் ஆயிற்று. மேடையில் ஒரு பொம்பளை பாட்டுக்குத் தாள் படித்துக்கொண்டிருந்தால் ஜனம் எவ்வளவு நேரம் பார்க்கும்? பின்னால் யாரோ இருமினார்கள்.

"சீக்கிரம் போடும்மா, பார்ட்டி வெயிட் பண்றாங்க," என்று ஜாஹிர் ஒப்பேற்றிப் பார்த்தார்.

"இருங்க, படிக்கறேன்ல."

உமா ஓரத்தில் நின்று பல்லைக் கடித்தாள். 'மதினி, இதுக்குமேல என்ன படிப்பு, போட்டுத் தொலைங்களேன்!' பொன்னுத்துரை சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உமாவுக்குப் பொறுக்கவில்லை. மேடையோரம் போய்க் குனிந்து, பல்லுக்குள்ளேயே சொன்னாள்:

"மதினி, போடுங்க. போட்டாத்தான் நாடகம் முடியும்."

மரகதம் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தாள். பிறகு ஜாஹிரிடம் திரும்பினாள்.

"இங்க கீழ சாட்சின்னு ஒரு கையெழுத்து இருக்கே. நான் கையெழுத்துப் போட்டதைக் கண்ணால பாத்தேன்னு. நான் இன்னும் போடவே இல்லையே. எதைப் பாத்தாங்க?"

ஜாஹிர் விழித்தார். இப்படி ஒரு வசனம் ஒத்திகையில் இல்லை.

உமாவுக்குத் தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை காலை. அவள் ஃப்ரிட்ஜில் சாய்ந்துகொண்டு நாடகத்தின் கடைசிக் காட்சியைத் திருத்திக்கொண்டிருந்தாள். பாலகுமார் ஒரு தாளை நீட்டி, "இங்க ஒண்ணு" என்றான். கையில் பேனா இருந்தது, போட்டாள். கேட்காமல் கையெழுத்து வாங்கப்பட்ட பெண்ணைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த அதே பேனா. பதினாலு பெண்களை வீடு வீடாகத் தேடிப் போய்க் கேட்டுக் கதை சேகரித்தவள், தன் வீட்டுக்கு வாராவாரம் கீரை கொண்டுவருகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதையெல்லாம் இத்தனை நாள் நினைத்துக்கூடப் பார்க்காத தன் மண்டையில் தானே குட்டிக்கொள்ளவேண்டும்போல் இருந்தது.

"ருக்கோ! ருக்கோ!"

இந்தியில் நிறுத்தச் சொல்லி நாலாவது வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. தையல் கடை ஷாஹினா. முதல் இரண்டு ஒத்திகைக்கும் வந்து இரண்டிலும் வாயைத் திறக்காமல் போனவள்.

இந்த ஒரு சத்தத்துக்காக உமா எத்தனை நாள் தவம் கிடந்தாள்! வந்ததே, வரவேண்டாத நேரத்தில் வந்ததே.

"வாங்க ஷாஹினா," என்றாள். "அந்த அம்மா இடத்துல நின்னு நடிச்சுக் காட்டுங்க."

"அந்த அம்மா சரியாத்தான் பண்றாங்க டீச்சர், படிக்காம போட மாட்டேங்கறாங்க. நான் அவங்க இடத்துல வந்து என்ன பண்ண? எனக்கு அந்த சாட்சியைப் பாக்கணும். அவங்களைக் கூப்பிடுங்க, நாலு கேள்வி கேக்கணும்."

"அப்படி ஒருத்தர் நாடகத்துல இல்ல."

"அரே, எப்படி இல்லாம போவாங்க? கையெழுத்து இருக்குல்ல? அக்கா, அதுல பேரு என்ன போட்டிருக்கு, படிங்க!"

கூட்டம் கலகலத்தது. "படிங்க, படிங்க" என்று நாலைந்து குரல். மரகதம் தாளைப் பார்த்தாள். உமாவைப் பார்த்தாள். கதவோரம் நின்ற தம்பியையும் பார்த்தாள்.

"எழுத்து புரியல," என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்தாள்.

அவ்வளவுதான். மதினி காப்பாற்றிவிட்டாள். இனி உமா, "சரி, முதலிலிருந்து பார்ப்போம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஜாஹிர் மறுபடி ஆரம்பிப்பார், ஷாஹினாவை வைத்துக் கணக்கில் ஒன்று ஆயிற்று, இன்னும் இரண்டு பேர் எழுந்தால் பாஸ். அந்த வார்த்தை உமாவின் தொண்டை வரைக்கும் வந்தது. எழுத்தா புரியவில்லை? பள்ளிக்கூட டீச்சர் கையெழுத்து, முத்து முத்தாக இருக்கும். தெரிந்தே மறைக்கிறாள் அந்த மனுஷி. அந்தப் பெருந்தன்மை உமாவைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

மைக்கை ஜாஹிரிடம் கொடுத்தாள். மேடையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து ஜனங்களைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான்தான் சாட்சி. கேளுங்க."

நாடகம் எது, வீட்டு விஷயம் எது என்று அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் மூன்றே பேர்.

ஷாஹினா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "இவங்க சைன் போட்டதை நீங்க பாத்தீங்களா?"

"இல்ல."

"பாக்காம பாத்தேன்னு எப்படிப் போட்டீங்க?"

"எப்படியும் போட்டுடுவாங்கன்னு நினைச்சேன்."

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"கேக்கல."

"ஏன்?"

உமா யோசித்தாள். பரீட்சைக்காக யோசிக்கவில்லை, நிஜமாகவே யோசித்தாள்.

"கேட்டா வேணாம்னு சொல்லிடுவாங்களோன்னு பயம் இருந்திருக்கு. கேக்காம இருந்தா நாங்க நல்லது செய்யற மாதிரியே இருந்துச்சு."

ஷாஹினா வேறு கேள்வி கேட்கவில்லை. "எனக்குப் போதும்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். யாரும் கைதட்டவில்லை. கதவோரத்தில் பாலகுமார் இல்லை.

*

"டீச்சர், நான் என்னத்தை எழுத?" என்றார் பொன்னுத்துரை சார். ஆட்டோ காத்திருந்தது. "நீங்க அனுப்பின திட்டத்துல இந்த நாடகம் இல்ல. எழுந்தது ஒருத்தர். நடத்தவேண்டிய நீங்களே பாத்திரமா போய் உக்காந்துட்டீங்க. அப்போ நடத்தினது யாரு?"

"சார், எழுபது பேர் மூச்சு விடாம பாத்தாங்களே."

"பாத்தாங்க, நானும்தான் பாத்தேன். ஆனா தாள்ல அதுக்குக் கட்டம் இல்லையே."

மறுதேர்வு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆட்டோ போய்விட்டது. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள், எத்தனை வீட்டுப் படிகள், எத்தனை கிளாஸ் டீ! எல்லாம் ஒரு வார்த்தையில் போயிற்று. உமாவுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல் வந்தது. பொய்ச் சாட்சியை மறைத்திருந்தால் பாஸ் போட்டிருப்பார்கள். வாயைத் திறந்து உண்மை சொன்னதற்கு ஃபெயில்.

வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் பாலகுமார் நின்றிருந்தான். கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள்.

"மானத்தை நல்லா ஏலம் போட்டுட்டே."

"யாருக்கும் புரியலங்க."

"எனக்குப் புரிஞ்சுதே." அவன் அக்காவிடம் கையை நீட்டினான். "பேப்பரைக் கொடுக்கா."

மரகதம் தாளை அவனிடம் கொடுக்கவில்லை. உமாவிடம் நீட்டினாள். பேனாவையும் நீட்டினாள்.

"என் கையெழுத்தைப் போடறதா வேணாமான்னு நான் பாத்துக்கறேன். உன்னோடது உன் பொறுப்பு."

"மதினி, என் மேல கோவமா?"

"கோவந்தான். பின்ன இருக்காதா? உன் வீட்டுலேருந்து இங்க பஸ்ல வரும்போதே படிச்சுட்டேன். உன் பேரைப் பாத்ததும் திரும்பிப் போயிடலாமான்னு இருந்துச்சு. உனக்கு இன்னிக்குப் பரீட்சைன்னுதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு வந்தேன். மேடையில நிக்கையில நீயே வந்து போடு போடுங்கற. அதான் வாயைத் திறந்துட்டேன்."

உமா ஸ்கூட்டர் சீட்டில் தாளை வைத்தாள். 'உமா மகேஸ்வரி' என்று முத்து முத்தாக இருந்தது. அதன் மேல் ஒரு கோடு. போதாதென்று இன்னொரு கோடு. பேனா தாளைக் கிழித்தது.

பாலகுமார் பெருமூச்சு விட்டான். வேலை கெட்டுப்போன மனுஷனின் சலிப்புதான் அவன் முகத்தில் இருந்தது.

"நல்லா யோசிச்சுத்தான் அடிச்சியா? என் வி.ஆர்.எஸ். பாஸாயிடுச்சு. இந்த மாசம் முப்பதாம் தேதியோட ஆபீஸ் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும்."

உமாவுக்கு முதலில் காதில் விழவே இல்லை. "என்னது?"

"எழுதிக் கொடுத்து ரெண்டு மாசம் ஆச்சு. உனக்கும் ஒரு லெட்டர் டைப் பண்ணி பீரோல வச்சிருக்கேன். உன் சைன்தான் பாக்கி."

"ரிட்டயர் ஆனப்புறம்னுதானே பேச்சு? என் வேலையை நான் விடணுமா? யாரைக் கேட்டு டைப் பண்ணீங்க?"

"இதுல கேக்க என்ன இருக்கு? குடும்பத்துக்காகத்தானே."

அவன் சீட்டிலிருந்த தாளை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தான், ஸ்கூட்டரில் ஏறி சாவியைத் திருகினான். "ஏறு. வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

வீட்டில் போய்ப் பேசுவது என்றால் என்னவென்று உமாவுக்குத் தெரியும். அவன் பேசுவான், அவள் தோசை ஊற்றுவாள், பீரோ திறக்கும், பேனா வரும். இருபது வருஷம் அப்படித்தான் பேசியிருக்கிறார்கள். சற்றுமுன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது மதினிக்குத் துரோகம் செய்தவள் தான் என்று மட்டும்தான் நினைத்தாள். தனக்கும் ஒரு தாள் டைப் அடித்துத் தயாராக இருந்தது அப்போது தெரியவில்லை.

கையை நீட்டிச் சாவியைத் திருப்பி ஸ்கூட்டரை அணைத்தாள். உருவிக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"இறங்குங்க."

"ஏய், என்ன இது? சாவியைக் கொடு."

"இங்கயே பேசுவோம். மூணு பேரும் பேசுவோம். தோட்டம், வேலை, குவார்ட்டர்ஸ் எல்லாத்தையும் பேசுவோம்."

கூடத்திலிருந்து வெளியே வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். ஜாஹிர் மடக்கு மேஜையோடு நின்றார். ஷாஹினா செருப்பை மாட்டிக்கொண்டே பார்த்தாள். பாலகுமார் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, நீயாவது சொல்லேன். எல்லாரும் பாக்கறாங்க உமா."

மரகதம் பையைக் கீழே வைத்துவிட்டு, உமாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பாக்கட்டும்," என்றாள் உமா. "இந்தத் தடவை சாட்சிங்க கண்ணால பாத்துட்டே சொல்லட்டும். இறங்குங்க கீழ."